பீலித் தண்ணீர் சிவந்த இரவு: டித்வா சூறாவளி நாட்களின் எச்சரிக்கைகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2025 நவம்பர் 27, வியாழக்கிழமை. இரவு ஒன்பதரை மணியிருக்கும். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் நான்கு போன்களும் ஒரு லப்டொப்பும் விரித்தபடி கிடந்தன. பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றிலிருந்து மாமா எடுத்தார். மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"பீலித் தண்ணி செவப்பா வருது புள்ள. காலையில பளிங்கா இருந்திச்சு."

நான் வாய் திறப்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அதன்பின் சனிக்கிழமை மதியம் வரை அந்த இலக்கத்துக்கு அழைப்பு போகவேயில்லை. மலையகத்தின் பல பகுதிகளில் மின்சாரமும் போன் கோபுரங்களும் ஒன்றாக விழுந்துபோயிருந்தன.

எங்களிடம் அப்போது செய்மதிப் படம் இருந்தது. சூறாவளி போகும் வழியை வரைந்த வரைபடம் இருந்தது. மண்சரிவு அறிவித்தலின் படப்பிரதி இருந்தது. மாமாவிடம் இருந்தது ஒரு டோர்ச் லைட்டும், மலை ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் அந்தப் பீலியும்தான். இருந்தும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தை விட்டு இறங்க வேண்டும் என்ற முடிவை எடுத்தவர் அவர்தான். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தவற்றில் ஒன்றாவது அந்த முடிவுக்கு உதவியதா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. இந்த ஆய்வு அதிலிருந்து பிறந்தது.

நாங்கள் ஏழு பேர். எல்லோரும் மலையகத்தில் வேரும் கொழும்பில் வேலையும் உள்ளவர்கள். நான் புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன். 2016 வெள்ளத்துக்குப் பிறகு சொந்தக்காரர்களுக்காக ஒரு வட்ஸ்அப் குழுவைத் தொடங்கினோம். அறிவித்தல்களைத் தமிழில் எழுதிப் போடுவோம், அவ்வளவுதான். டித்வா முடிந்த பிறகு அந்த ஆறு நாட்களின் செய்திகளை நேரப்படி அடுக்கி, எது எப்போது வந்தது, யார் எப்போது பார்த்தார், பார்த்தவர் என்ன விளங்கிக்கொண்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினோம். கீழே வருவது அந்தக் குறிப்புகளிலிருந்து. தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

நடந்தது என்ன

இலங்கைக்குத் தென்கிழக்கே உருவான தாழமுக்கம் வலுத்து, 27ஆம் திகதி சூறாவளியாகி, டித்வா என்ற பெயரைப் பெற்றது. யேமன் கொடுத்த பெயர் அது. சொகோத்ரா தீவிலுள்ள ஒரு களப்பின் பெயர். 28ஆம் திகதி கிழக்குக் கரையால் ஏறி, நாட்டின் மேலாகவே மெதுவாக வடக்கு நோக்கி ஊர்ந்து, பிறகு தமிழ்நாட்டுக் கரையோரம் போய்த் தளர்ந்தது. 25 மாவட்டங்களும் பாதிக்கப்பட்டன. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காணாமற்போனவர்கள் அதற்கு வெளியே. 29ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது.

காற்றின் கணக்கில் பார்த்தால் டித்வா பெரிய சூறாவளி அல்ல. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் துவம்சம் செய்த சூறாவளியோ, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்து மன்னாரையும் அடித்த சூறாவளியோ காற்றாலும் அது எழுப்பிய கடலாலும் கொன்றவை. டித்வா மழையால் கொன்றது. அது மெதுவாக நகர்ந்ததும், அதன் ஈரக்காற்று மத்திய மலைகளில் மோதி நின்று கொட்டியதும்தான் காரணம். எங்கள் குழுவில் முதல் இரண்டு நாட்களும் பேச்செல்லாம் "புயல் எங்கே கரை ஏறும்" என்பது பற்றியே. திருகோணமலையா, மட்டக்களப்பா என்று வரைபடத்தின் அந்த ஒற்றைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோட்டிலிருந்து நூறு கிலோமீற்றர் தள்ளி நிற்கும் மலைச்சரிவில் என்ன நடக்கும் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. கோடு சூறாவளியின் நடுப்புள்ளி போகும் வழியை மட்டுமே காட்டும். மழை அந்தக் கோட்டில் நடப்பதில்லை.

நான்கு வாசல்கள்

2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கி, அலை எங்கள் கிழக்குக் கரைக்கு வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் கரையில் நின்றவர்களுக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்கு அடுத்த ஆண்டு 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அதன் கீழ்தான் அனர்த்த முகாமைத்துவ நிலையமும், இன்று எல்லோருக்கும் தெரிந்த 117 என்ற அவசர அழைப்பு இலக்கமும்.

இப்போதைய ஏற்பாட்டில் மழையையும் காற்றையும் கடலையும் வளிமண்டலவியல் திணைக்களம் பார்க்கிறது. 1907இல் கொழும்பு வானிலை அவதான நிலையமாகத் தொடங்கிய இடம் அது. ஆற்றைப் பார்ப்பது நீர்ப்பாசனத் திணைக்களம். சரிவைப் பார்ப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மூன்றையும் வாங்கி மாவட்டம், பிரதேச செயலகம், கிராம அலுவலர் என்று கீழே இறக்குவது அனர்த்த முகாமைத்துவ நிலையம். பௌத்தாலோக மாவத்தை, ஜாவத்தை வீதி, வித்யா மாவத்தை என்று கொழும்பு 7க்கும் 5க்கும் உள்ளேயே நான்கும் இருக்கின்றன. ஒரு ஆட்டோ பிடித்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் நான்கு வாசலையும் தொட்டுவிடலாம். நாடு முழுவதையும் பார்க்கும் கண்கள் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், ஒவ்வொன்றின் அறிவித்தலும் ஒவ்வொரு வடிவத்தில், ஒவ்வொரு நேரத்தில், ஒவ்வொரு எல்லைக் கணக்கில் வெளியே வருகிறது. ஆறு என்றால் வடிநிலம். மண்சரிவு என்றால் பிரதேச செயலகப் பிரிவு. மழை என்றால் மாகாணம், மாவட்டம். வேலை செய்கிறவர்களுக்கு இது இயல்பு. அவரவர் துறைக்கு அதுதான் சரியான எல்லை. வீட்டில் இருக்கிறவருக்கு மூன்றையும் தன் வாசற்படியில் ஒன்றாகப் பொருத்திப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ராடாரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செய்மதி மேகத்தின் உச்சியைப் பார்க்கும். மேகத்துக்குள் எவ்வளவு மழை இருக்கிறது, எந்தப் பள்ளத்தாக்கில் இப்போது கொட்டுகிறது என்பதை நிமிடக் கணக்கில் சொல்வது டொப்ளர் ராடார். டித்வா வந்தபோது எங்களுக்கென்று இயங்கும் ஒரு டொப்ளர் வானிலை ராடாரும் இருக்கவில்லை. புத்தளத்திலும் பொத்துவிலிலும் ஜப்பானின் உதவியோடு இரண்டு அமைக்கும் திட்டம் பல வருடமாக இழுபட்டு வந்தது. ஆக மலையகத்தின் ஒரு சரிவில் கடந்த ஒரு மணித்தியாலத்தில் பெய்த மழையை அறிய, அங்கே ஒரு மழைமானி இருக்க வேண்டும், அதன் எண் கொழும்புக்கு வந்து சேர வேண்டும். கோபுரங்கள் விழுந்தால் அந்த எண்ணும் வராமல் போகலாம். எங்கள் குறைகளை எழுதும்போது, இருட்டில் உட்கார்ந்து வேலை செய்த முன்னறிவிப்பாளர்களையும் நினைத்துக்கொள்கிறேன்.

தவறான வரி

மண்சரிவு அறிவித்தல் மூன்று நிறத்தில் வரும். மஞ்சள் என்றால் விழிப்பாயிரு, செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராயிரு, சிவப்பு என்றால் வெளியேறு. மாவட்டத்தைப் போட்டு, அதற்கு நேரே பிரதேச செயலகப் பிரிவுகளை அடுக்கியிருப்பார்கள். பார்க்க எளிதான பட்டியல்.

26ஆம் திகதியிலிருந்து நாங்கள் அந்தப் பட்டியலில் மாமாவின் டவுன் பெயர் இருந்த வரியைப் பார்த்துக்கொண்டேயிருந்தோம். எங்கள் வீட்டில் "ஊர்" என்றால் அந்த டவுன்தான். ஆஸ்பத்திரி அங்கே, சந்தை அங்கே, பஸ் அங்கே, கடிதம் வருவதும் அந்தத் தபாற்கந்தோருக்கு. 27ஆம் திகதி மாலைதான் என் தம்பி வாக்காளர் இடாப்பின் பழைய படப்பிரதி ஒன்றைத் தேடி எடுத்தான். தோட்டத்தின் மேற்பிரிவு அந்த டவுனின் பிரதேச செயலகத்துக்குள் வருகிறது. மாமாவின் லயம் இருக்கும் கீழ்ப்பிரிவு நிர்வாகக் கணக்கில் பக்கத்துப் பிரதேச செயலகத்துக்குரியது. ஒன்றரை நாள் நாங்கள் பார்த்தது வேறொருவரின் வரி.

இது எங்கள் குடும்பத்தின் கவனக்குறைவு மட்டும்தானா என்று அறிய, குழுவிலுள்ள மற்றவர்களின் தோட்டங்களையும் கேட்டுப் பார்த்தோம். தோட்டத்து மக்கள் தங்கள் இடத்தைச் சொல்லும் முறையே வேறு. தோட்டத்தின் பெயர், டிவிசன், பிறகு லயம்: பத்துக்காம்பரா லயம், கோயில் லயம், ஸ்டோருக்குப் பின்னால் உள்ள லயம். தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், தமிழில் முற்றிலும் வேறு பெயர். மலையகத்தில் இரண்டு தலைமுறை வளர்ந்த எவருக்கும் இது தெரியும். தமிழ்ப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. கிராம அலுவலர் பிரிவு எது என்று கேட்டால் பலர் அடையாள அட்டை எடுத்த நாளை நினைவுபடுத்தித்தான் சொன்னார்கள். இப்படி இருக்கையில் பிரதேச செயலகப் பெயரோடு நிற்கும் எச்சரிக்கை லயத்து வாசலுக்கு எப்படிப் போய்ச் சேரும்? ஒருவர் இடையில் நின்று பெயரை மாற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் யார் என்று எந்த ஏற்பாட்டிலும் எழுதப்படவில்லை. கிராம அலுவலர் என்பார்கள். மழை பிடித்த இரவில், பாதை அடைபட்ட பிறகு, பல தோட்டங்களை ஒன்றாகப் பார்க்கும் ஒரு மனிதரிடம் இதை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இன்னொன்றும் கவனித்தோம். சரிவு அறிவித்தலுக்கு ஆயுள் உண்டு. பெரும்பாலும் ஒரு மாலை நான்கு மணியிலிருந்து மறுநாள் மாலை நான்கு மணி வரை. வட்ஸ்அப்பில் கைமாறும்போது படத்தின் மேற்பகுதியை வெட்டிவிடுகிறார்கள். திகதியும் நேரமும் அங்கேதான் இருக்கின்றன. 28ஆம் திகதி எங்கள் குழுவுக்கு வந்த பதினொரு படங்களில் நான்கு முந்தைய நாளுக்குரியவை. அவற்றில் மஞ்சளாக இருந்த இடத்தைப் பார்த்து "இன்னும் சிவப்பு வரலியே" என்று ஒரு அண்ணன் குரல்பதிவு போட்டிருந்தார். அதை இப்போது கேட்டாலும் நெஞ்சு அடைக்கிறது.

"கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்"

தமிழ் 1987இல் 13ஆம் திருத்தத்தால் ஆட்சி மொழியானது. அந்த நாட்களில் எங்களுக்கு வந்து சேர்ந்த அறிவித்தல்களில் சிங்களம் முதலில் வந்தது, பெரும்பாலும் ஆங்கிலம் அடுத்து, தமிழ் பிந்தி வந்தது. சிலவற்றுக்குத் தமிழ் வரவேயில்லை. இது எங்கள் ஏழு பேரின் போன்களில் பதிவான நேரங்களை வைத்துச் சொல்வது. மண்சரிவில் மிக அதிகமாக இழக்கக்கூடிய மலைகளில் வாழ்கிறவர்களில் பெரும் பகுதியினர் தமிழ் பேசுகிறவர்கள் என்றிருக்க, இதை நான் சின்ன விடயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மூன்று மொழியிலும் ஒரே நிமிடத்தில் வெளிவராத எச்சரிக்கை பாதிப் பேருக்கு எச்சரிக்கையே அல்ல.

ஆனால் தமிழில் வந்தவற்றைப் படித்தபோது இன்னொரு சிக்கல் தெரிந்தது. ஒரு அறிவித்தலின் வாக்கியம் ஏறக்குறைய இப்படி இருந்தது: "மேற்குறிப்பிட்ட பிரதேசங்களில் மண்சரிவு அபாயம் நிலவுவதனால் அவதானத்துடன் செயற்படுமாறு பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்." இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. படித்து முடித்தால் எழுந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. யார் கேட்கிறார்கள், யாரை, எந்த நேரத்துக்குள், எங்கே போகச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அந்த நீண்ட வினைக்குள் அமிழ்ந்துவிட்டது. குழுவிலுள்ள ஆசிரியை அக்கா அதை என் கண்முன்னால் திருத்தினார்.

"கீழ்ப்பிரிவு லயத்து ஆட்கள் எல்லாரும் இப்ப வெளிய வாங்க. சுவரில வெடிப்பு, கலங்கின ஊத்து கண்டா சாமான் எடுக்க நிக்க வேணாம். ஸ்கூல் மேட்டுக்குப் போங்க. நாளைக்குப் பின்னேரம் நாலு மணி வரைக்கும் திரும்பிப் போக வேணாம்."

முதல் அறிவித்தலைத் தமிழாக்க எங்களுக்கு நாற்பது நிமிடம் எடுத்தது. தூய தமிழில் எழுத வேண்டும் என்று நானே பிடிவாதம் பிடித்தேன். அக்கா வடிவம் ஒன்றைச் செய்து வைத்த பிறகு ஆறேழு நிமிடத்தில் முடிந்தது. அந்த முப்பத்து மூன்று நிமிடத்தை நான் வீணாக்கினேன் என்றே இப்போதும் எண்ணுகிறேன். நேரம், இடம், செய்ய வேண்டியது, போக வேண்டிய இடம். இந்த வரிசைதான் இப்போது எங்கள் வடிவம். வெளியிட்ட நேரம் முதல் வரியில் வரும். அதை வெட்டிப் பகிர முடியாது.

போக வேண்டிய இடம் என்பதை எழுதும்போது கை தயங்கும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. சொன்னார்கள், மக்களும் கேட்டார்கள். போவதற்கு நிலம் இல்லை. தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் ஒரு பிரட்டுக்களத்தையோ கோயில் மடத்தையோ "பாதுகாப்பான இடம்" என்று நாங்கள் எழுதும்போது, அந்த மடமே எந்தச் சரிவில் நிற்கிறது என்று பார்க்காமல் எழுதக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலய வரைபடங்களை வெளியிட்டிருக்கிறது. தோட்டங்களுக்கு அந்த வரைபடத்தை விரித்து வைத்து, இந்த லயத்துக்காரர் இங்கே போகலாம் என்று மழையில்லாத மாதத்தில் முடிவெடுத்திருந்தால் இரவு பதினொரு மணிக்கு நாங்கள் ஊகிக்க வேண்டியிருக்காது.

ஏழு அடியும் ஏழு மீற்றரும்

மலையில் மழை குறைந்த பிறகுதான் கொழும்பின் முறை வந்தது. களனி சிவனொளிபாத மலைப் பக்கத்தில் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடி மட்டக்குளியில் கடலில் விழுகிறது. மேலே கொட்டிய மழை கித்துள்கல, கிளன்கோஸ், ஹங்வெல்ல என்று இறங்கி எங்கள் பக்கம் வந்து சேர நேரம் எடுக்கும். அந்த நேரம்தான் கொழும்புக்குக் கிடைக்கும் அவகாசம். நீர்ப்பாசனத் திணைக்களம் களனியின் தாழ்நிலங்களுக்குப் பெருவெள்ள எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிட்டது. இதில் மண்சரிவைப் போல் மணிக்கணக்கு நெருக்கடி இல்லை; ஒரு நாளாவது கையில் இருந்தது.

வெல்லம்பிட்டியில் என் அத்தை இருக்கிறார். சனிக்கிழமை காலை அவரிடம் பேசினேன். "மழையே இல்லயே, வெயில் கூட எட்டிப் பாக்குது. இப்ப எதுக்கு எறங்கணும்?" என்றார். கொழும்பில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வெள்ளம் என்றால் தலைக்கு மேல் பெய்யும் மழை. 1992 ஜூன் 4ஆம் திகதி ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் பெய்து நகரம் மூழ்கியது அப்படித்தான். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகம் வரை தண்ணீர் நின்றதும் அப்படித்தான். ஆற்று வெள்ளம் வேறு. வானம் வெளுத்த பிறகு வருவது.

இங்கேதான் எங்கள் குழு ஒரு பெரிய பிழையைச் செய்தது. ஆற்று நீர்மட்ட அட்டவணையில் ஹங்வெல்ல மீற்றரில் இருக்கிறது. கொழும்பு நகரத்து நாகலகம் வீதியின் எண் அடி அலகில் இருக்கிறது. பழைய காலத்து அளவுகோல் அது, இன்றும் அடிக்கணக்கில்தான். ஹங்வெல்லவில் 7 மீற்றர் என்றால் விழிப்பு நிலை, 8 சிறு வெள்ளம், 10 பெருவெள்ளம். நாகலகம் வீதியில் 4 அடி விழிப்பு, 5 சிறு வெள்ளம், 7 அடியே பெருவெள்ளம். ஒரே தாளில், சில வரி இடைவெளியில், ஒரு 7 "கவனமாயிரு" என்கிறது. இன்னொரு 7 "வீட்டை விடு" என்கிறது. எங்களில் ஒரு தம்பி, தூக்கமில்லாத மூன்றாம் இரவில், நாகலகம் வீதி ஏழு மீற்றரை நெருங்குகிறது என்று எழுதிப் போட்டுவிட்டான். பார்த்த சிலர் பதறினார்கள். வேறு சிலர், ஏழு மீற்றர் என்றால் இரண்டு மாடி உயரம், அது நடக்காத காரியம் என்று முழுச் செய்தியையும் தள்ளிவிட்டார்கள். நாங்கள் திருத்தம் போட்டபோது பிழையான செய்தி எத்தனையோ குழுக்களுக்குப் போயிருந்தது. அந்தத் தம்பியை யாரும் ஏசவில்லை. பிழை அவனுடையது மட்டுமல்ல. அலகைத் தனி நெடுவரிசையில் ஒரு எழுத்தாகப் போட்டு வைக்கும் அட்டவணையை நடுச்சாமத்தில் போன் திரையில் படித்தால் யாருக்கும் நடக்கும்.

அத்தையை அசைத்தது அடியும் அல்ல, மீற்றரும் அல்ல. அவர் வீட்டு முன்னறையில் மின்சாரப் பெட்டிக்குக் கீழே ஒரு கோடு இருக்கிறது. 2016 மே வெள்ளம் வடிந்த பிறகு அத்தையின் கணவர் பென்சிலால் கீறி, திகதி எழுதி வைத்தது. பிறகு பெயின்ட் அடித்தபோதும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். நான் கடைசியில் சொன்னது இதுதான்: "அத்தை, அந்தப் பென்சில் கோட்டுக்கு மேல வரும்னு நெனச்சுக்கிட்டு சாமான ஏத்துங்க." மறுபேச்சு இல்லை. பின்னேரத்துக்குள் பிரிட்ஜை மேசைமேல் ஏற்றிவிட்டு, ஆவணப் பையோடு கொட்டாஞ்சேனைக்கு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தது.

ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு கோடு உண்டு, சுவரிலோ நினைவிலோ. ஆற்றின் எண்ணை அந்தக் கோட்டோடு இணைத்துச் சொல்வதற்கு நீர்மட்ட வரலாறும் தரைமட்டமும் தெரிந்தால் போதும். இரண்டும் ஏற்கெனவே அளந்து வைக்கப்பட்டவை. செய்யாமல் கிடக்கும் வேலைகளில் இதுவே மிக எளியது என்று எனக்குப் படுகிறது.

மாமா பார்த்தது

சனிக்கிழமை மதியம் மாமா மலை உச்சிக்கு ஏறி, சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து எடுத்தார். பேச்சு ஒரு நிமிடம்கூட இல்லை. பதினான்கு குடும்பங்களும் ஸ்கூலில் இருக்கின்றன. வியாழன் இரவு இறங்கி இரண்டு மணித்தியாலத்தில் லயத்தின் பின்பக்கம் மண் வந்து ஐந்து காம்பராவின் குசினிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை.

பிறகு ஜனவரியில் நேரில் போய்க் கேட்டேன். அவர் சொன்ன வரிசையை அப்படியே தருகிறேன். புதன்கிழமை நாய் வாசலில் படுக்க மறுத்தது; அதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. வியாழன் காலை பின்கதவு நிலையில் இறுகித் திறக்கக் கஷ்டமானது. மழைக்கு மரம் ஊறியதென்று நினைத்தார். பின்னேரம் கானுக்கு (வடிகாலுக்கு) மேலே தேயிலை நிரையில் ஒரு வெடிப்பு, விரல் நுழையும் அளவு. இருட்டிய பிறகு பீலி சிவந்தது. "வெடிப்பு வேற எடத்துலயும் பாத்திருக்கேன். பீலி செவந்தத நான் பொறந்ததுலருந்து பாக்கல. மலைக்கு உள்ளாற மண்ணு கரையாம தண்ணி எப்புடி செவக்கும்?" என்றார்.

இறுகும் கதவு, புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் அல்லது நின்றுபோகும் ஊற்று. மண்சரிவுக்கான முன்னறிகுறிகளாகத் துறைசார்ந்தவர்கள் அச்சிட்டுக் கொடுக்கும் பட்டியல் இதுதான். மாமா அந்தத் தாளைப் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொன்றும் அவர் கண்ணில் பட்டது, அதுவும் நேர வரிசையில். நாங்கள் கொழும்பில் இருந்து அவருக்கு என்ன சொல்லலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தோம். அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. காலையில் கதவு இறுகியதை எங்களில் ஒருவருக்கு அவர் சொல்லியிருந்தால், அதை வாங்கி 117க்குச் சொல்ல நமக்குத் தெரிந்திருந்தால், பீலி சிவக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாட்டின் கண்காணிப்பு வலையில் மேலிருந்து கீழே இறங்கும் நூல்கள் பல இருக்கின்றன. கீழிருந்து மேலே போகும் நூல் மிக மெல்லியது. டித்வா எனக்குக் காட்டிய பெரிய ஓட்டை இதுதான்.

பிறகு செய்தது

இரண்டு வேலைகள். முதலாவது ஒரு அட்டவணை. குழுவுக்குத் தெரிந்த ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஆங்கிலப் பெயர், தமிழ்ப் பெயர், டிவிசன், லயம், அது விழும் பிரதேச செயலகம், கிராம அலுவலர் பிரிவு, பக்கத்து மழைமானி, ஏறிப் போகக்கூடிய மேடு. இதுவரை 63 லயங்களை எழுதியிருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் அங்கே வாழ்கிற ஒருவர் பெயரைச் சரிபார்த்தார்.

இரண்டாவது மாமாவின் மழைமானி. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டி, கவிழ்த்துப் புனலாகச் செருகினோம். அடிப்பக்கம் குழிகுழியாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூச்சியக் கோடு. பக்கத்தில் ஒரு அடிக்கோல் ஒட்டினால் மில்லிமீற்றரிலேயே வாசிக்கலாம்; வாயும் வயிறும் ஒரே அகலமாக இருந்தால் கணக்குத் தேவையில்லை. ஒரு மில்லிமீற்றர் என்பது சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் என்று மாமாவுக்குச் சொன்னேன். நூறு சதுர மீற்றர் லயக்கூரையில் 150 மில்லிமீற்றர் பெய்தால் 15,000 லீற்றர் என்றதும், பின்னால் உள்ள மலையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் தயார், 150 என்றால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 என்றால், இறங்குவது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதே எல்லைகளை மூன்று நிற நூலால் போத்தலில் கட்டி வைத்திருக்கிறார். கடைகளில் கிடைக்கும் மானிக்கு இது ஈடாகாது. அடைமழையில் தெறித்துப் பிழை வரும். ஆனால் அந்தச் சரிவில் வேறு மானி இல்லை.

வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு கட்டை அடித்து இடையில் கயிறு இழுத்துக் கட்டியதும் அவர்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தினமும் காலை எட்டரைக்கு அனுப்புகிறார். வளிமண்டலவியல் திணைக்களம் நாளின் மழையைக் கணக்கெடுக்கும் நேரமும் அதுவே என்று சொன்னபிறகு ஒரு நாளும் பிந்தியதில்லை. இன்று காலை வந்த குரல்பதிவு:

"பதினெட்டு. கயிறு நேத்து மாதிரியேதான். பீலி தெளிவு."